வாகை மரம் புளியமரத்துக் கவட்டையில சாஞ்சு நிக்குது, கொப்பு மோட்டார் லைன் மேல கிடக்குது: வெட்டலாமா?

பொட்டல்காடு | சனி, இரவு 8:40

வணக்கம் மக்களே. நமக்குத் தோட்டம் செக்கானூரணிக்கு மேற்கே, விக்கிரமங்கலம் போற பக்கம். இன்னைக்குச் சாயங்காலம் அடிச்ச சூறைக்காத்துல வாய்க்கா ஓரத்து வாகை வேரோட பேந்துருச்சு. முழுசா விழுந்து தொலைஞ்சிருந்தா கவலையே இல்லை. பாதி சாஞ்சு, எங்க பெரியப்பாவோட புளியமரத்துக் கவட்டையில தலையைக் குடுத்துட்டு நிக்குது. தூர் பக்கம் வேர்மண் ஆள் உசரத்துக்குச் செங்குத்தா எந்திரிச்சு, கீழ பெரிய குழி.

ஒரு கொப்பு மோட்டாருக்குப் போற நாலு கம்பி லைன் மேல படுத்திருக்கு. ரெண்டு கம்பி ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டுத் தொங்குது. ஒண்ணு அந்து வரப்புல கிடக்குற மாதிரி தெரிஞ்சுச்சு. இருட்டிருச்சு, நான் கிட்டப் போகலை.

ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. பெரியப்பா பையன் என்ன சொல்றான்னா, "காலையில மிஷின் ரம்பக்காரரைக் கூட்டியாறேன், கரண்ட் வர்றதுக்குள்ள அந்தக் கொப்பை மட்டும் நறுக்கிவிட்டா சோலி முடிஞ்சது." மல்லிகைக்குத் தண்ணி பாய்ச்சி நாலு நாள் ஆச்சு, அவனுக்கும் அவசரம், எனக்கும் அவசரம். கரண்ட் இல்லாத நேரந்தானே, வெட்டலாமா?

மாட்டுத்தாவணி மைனர் | சனி, இரவு 8:52

கரண்ட் இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னது? வீட்ல பல்பு எரியலை, அவ்வளவுதான். மொதல்ல மின்வாரியத்துப் புகார் மையம் மின்னகத்துக்கு அடிங்க, 94987 94987. 2021ல இருந்து இருக்கு, ராத்திரியும் எடுப்பாங்க. கிடைக்கலைன்னா 1912. சும்மா "மரம் விழுந்துருச்சு"ன்னு சொல்லாம, கம்பத்துல பெயிண்ட்ல எழுதியிருக்கிற நம்பர், டிரான்ஸ்பார்மர் பேரு, உங்க இணைப்பு எண் மூணையும் சொல்லுங்க. "கம்பி அந்து தரையில கிடக்கு"ங்கிறதை முதல் வரியாச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உங்க புகார் மேல ஏறும்.

சோழவந்தான் வெத்தலை | சனி, இரவு 9:10

புயல் மழை நேரத்துல போன் எடுத்து, ஆள் வந்து, வெட்டி... ரெண்டு நாள் ஆகும் பங்காளி. எங்க பக்கம் நாங்களே டிரான்ஸ்பார்மர்ல பீஸ் கட்டையை (ப்யூஸ்) உருவிட்டு வெட்டிருவோம். இருபது வருசமா இப்படித்தான். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை.

பழைய வயர்மேன் | சனி, இரவு 9:45

வெத்தலைத் தம்பி, "இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலை"ன்னு சொன்ன ரெண்டு பேரு எழவுக்கு நான் மாலை வாங்கிட்டுப் போயிருக்கேன். கோவிச்சுக்காத. முப்பத்தி ரெண்டு வருசம் கம்பம் ஏறினவன் சொல்றேன், பொறுமையாப் படி.

ஊர்ல கரண்ட் இல்லைன்னா லைன் டிரிப் ஆகியிருக்கு, அதாவது சப்ஸ்டேஷன்ல தானா கட் ஆகியிருக்கு. சப்ஸ்டேஷன்ல உக்காந்திருக்கிற ஆபரேட்டருக்கு உங்க வாகை மரம் தெரியாது. காத்து ஓய்ஞ்சதும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பாரு, நின்னா விட்டுருவாரு, திரும்ப டிரிப் ஆனா கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பாரு. அது அவரு வேலை. அந்த "போட்டுப் பாக்குற" நேரத்துல உங்க ரம்பக்காரரு கொப்பு மேல கையை வச்சிருந்தா? எப்ப வரும்னு யாருக்கும் தெரியாத கரண்ட்தான் ரொம்ப மோசமான கரண்ட்.

அடுத்தது பீஸ் கட்டை. தோட்டத்துப் பக்கம் கால் கிலோமீட்டருக்குள்ள ரெண்டு டிரான்ஸ்பார்மர் இருக்கும். உங்க லைன் எதுல இருந்து வருதுன்னு நீங்க நினைக்கிறதும், நிஜமா எதுல இருந்து வருதுங்கிறதும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை. லோடு மாத்துறதுக்காக நாங்களே நடுவுல வெட்டி அந்தப் பக்கம் கோத்திருப்போம். வேற மாவட்டத்துல ஒரு தடவை தப்பான டிரான்ஸ்பார்மர் பீஸை உருவிட்டு ஏறின பையனை நான் இறக்கியிருக்கேன். கை மட்டும் போச்சு, உசிரு இருக்கு. அதோட பீஸ் கட்டை இருக்கிற பெட்டிக்கு மேலயே 11 ஆயிரமோ 22 ஆயிரமோ வோல்ட் ஓடுது, மழையில நனைஞ்ச கையோட அதுக்குக் கீழ நிக்கிறதே தப்பு.

மூணாவது விசயத்தைத்தான் யாரும் யோசிக்கிறதில்லை. பொட்டல்காடு, உங்க லைன்ல ஒரு கம்பி அந்திருக்குன்னு சொன்னீங்க. அந்த கம்பிக்கு ரெண்டு முனை. டிரான்ஸ்பார்மர் பக்கத்து முனையில கரண்ட் இருக்கும்னு எல்லாருக்கும் பயம் இருக்கும். மோட்டார் பக்கத்து முனை? "அது எங்கிருந்தும் வரலை, செத்த கம்பி"ன்னு கையில எடுத்துருவாங்க. மிச்சம் ரெண்டு பேஸும் (கரண்ட் வர்ற கம்பி) உயிரோட இருந்து, லைன்ல ஒரே ஒரு மோட்டார் போட்ட நிலையில இருந்தாலும் போதும், அந்த ரெண்டு பேஸ்ல இருந்து மோட்டார் காயில் வழியாச் சுத்தி அந்த "செத்த" கம்பிக்குக் கரண்ட் வந்துரும். இப்ப எல்லாத் தோட்டத்துலயும் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்ததும் ஆள் இல்லாமலே மோட்டார் ஓடும். ரெண்டு பேஸ்ல ஓட்டக் கண்டென்சர் போட்டு வச்சிருப்பாங்க வேற. நடுராத்திரி கரண்ட் வரும், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் தானா எடுக்கும், உங்க வரப்புல கிடக்கிற கம்பி உசிரு பெறும். ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் (ஜெனரேட்டர் கரண்ட் லைனுக்குப் போகாமத் தடுக்குற சுவிட்ச்) இல்லாம மாட்டி வச்சிருக்கிற வீடு இருந்தாலும் இதே கதை.

எங்களுக்கு "ஆஃப் பண்ணியாச்சு"ங்கிறது லைன் கிளியர் இல்லை, அதாவது கம்பியைத் தொடலாம்னு அர்த்தம் இல்லை. லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து, அது மூணு கத்தியும் விலகிருச்சான்னு கண்ணால பார்த்து, பூட்டைப் போட்டு, டெஸ்ட் பண்ணி, வேலை செய்யுற இடத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பியைத் தரையோட சேக்குற எர்த் ராடு மாட்டின பெறவுதான் கம்பியைத் தொடுவோம். ரெண்டு பக்கமும். ஏன்னு மேல சொல்லிட்டேன்.

கடச்சனேந்தல் அக்கா | சனி, இரவு 10:05

ஐயா, விடிஞ்சா ஆடு மாடு அவுத்துவிடுவாங்களே. வரப்புல கம்பி கிடந்தா எவ்வளவு தள்ளி நிக்கணும்? எங்க அம்மாச்சி ஊர்ல மாடு செத்துப்போச்சு, பக்கத்துல நின்ன மனுசனுக்கு ஒண்ணும் ஆகலை. அது எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

பழைய வயர்மேன் | சனி, இரவு 10:20

நல்ல கேள்விம்மா. கம்பி தரையைத் தொட்ட இடத்துல வோல்ட் முழுசா இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். குளத்துல கல்லைப் போட்டா வட்டம் விரியுமே, அந்த மாதிரி. ரெண்டு காலும் வேற வேற வட்டத்துல இருந்தா ஒரு காலு வழியா ஏறி இன்னொரு காலு வழியா இறங்கும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல நாலஞ்சு அடி இருக்கு, நடுவுல நெஞ்சு இருக்கு. மனுசன் ரெண்டு காலைச் சேத்து நின்னிருந்தா தப்பிச்சிருப்பாரு.

அதனால குறைஞ்சது 10 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்க. மழை பெஞ்ச வரப்பு, வாய்க்காத் தண்ணி இருந்தா இன்னும் தள்ளி. தெரியாமப் பக்கத்துல போயிட்டீங்கன்னா எட்டு வச்சு ஓடக் கூடாது, ரெண்டு பாதமும் ஒட்டினபடி தரையை விட்டுத் தூக்காமத் தேச்சுத் தேச்சுப் பின்வாங்கணும். யாராவது விழுந்து கிடந்தா ஓடிப்போய்த் தொட்டுறாதீங்க. "காஞ்ச கம்பால தட்டிவிடு"ன்னு சொல்லுவாங்க. மழையில காஞ்ச கம்புக்கு எங்க போறது? பெரிய லைன்னா காஞ்ச கம்பும் காப்பாத்தாது. கரண்டை நிறுத்தச் சொல்லி போன், 108க்கு போன், ஆள் கூடாமப் பாத்துக்கிறது, அப்புறந்தான் மத்தது.

சோழவந்தான் வெத்தலை | சனி, இரவு 10:31

மரம் மரம்தானேண்ணே, மரத்துல கரண்ட் பாயுமா? கட்டைதானே.

பழைய வயர்மேன் | சனி, இரவு 10:38

உங்க வீட்டு நிலைக்கதவு கட்டை. அந்த வாகை பச்சை மரம், மேல மழைத்தண்ணி, உள்ள சாறு. முருங்கைக் கீரை பறிக்கத் தொரட்டியை நீட்டி லைன்ல பட்டு எத்தனை பேரு போயிருக்காங்க. தொரட்டி மூங்கில்தான், நுனியில இரும்பு, கழி ஈரம்.

வாள்பட்டறை | ஞாயிறு, காலை 5:50

கரண்ட் விசயம் ஐயா சொல்லிட்டாக. மரத்தைப் பத்தி நான் சொல்றேன், இதான் நமக்குச் சோறு. திருமங்கலம், பேரையூர் பக்கம் பூராம் நாங்கதான் அறுக்கிறது.

சாஞ்சு மாட்டின மரம் நிக்கிற மரத்தை விடவும் மோசம், விழுந்த மரத்தை விடவும் மோசம். நிக்கிற மரம் எங்க விழும்னு கணக்குப் பண்ணலாம். விழுந்தது விழுந்துருச்சு. இது விழுகிறதுக்கு நேரம் பாத்துக்கிட்டு இருக்கு. ராத்திரி ஒரு காத்து, ஒரு காக்கா உக்காந்தாக்கூடப் போதும்பாக எங்க அய்யா.

"அந்த ஒரு கொப்பை மட்டும்" அப்படிங்கிறாப்ல பாருங்க உங்க பங்காளி, அங்கதான் தப்பு. அந்தக் கொப்பு கம்பி மேல சும்மா கிடக்கலை. அது கம்பியை அமுக்குது, கம்பி அதைத் தூக்குது. நறுக்கின மறு நொடி கம்பி வில்லு நாண் மாதிரி மேல அடிக்கும். மரத்துக்கும் ஒரு முட்டு குறைஞ்சுபோகும், கவட்டையில இருக்கிற பிடி வழுக்கும். ஒரு அடி கனம், பத்தடி நீளம் பச்சைக் கட்டை கிட்டத்தட்ட 200 கிலோ. மிச்ச மரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

எங்க பட்டறையில பசங்களுக்குக் கண்டிசனா மூணு சொல்லி வச்சிருக்கேன். சாஞ்சு நிக்கிற மரத்துக்குக் கீழ கயிறு எடுக்கக்கூடப் போகாத. மாட்டின மரத்து மேல ஏறாத. தாங்குற மரத்தை வெட்டாத. மூணாவதைத்தான் சனம் செய்யும். "புளியமரத்துக் கவட்டையை அறுத்துவிட்டா ரெண்டும் இறங்கிரும்" அப்படின்னு. இறங்கும், அறுக்கிறவன் மேல இறங்கும். இன்னொரு மரத்தை வெட்டி இது மேல சாச்சு இடிச்சுத் தள்ளுறேன்னு சொல்ற கில்லாடியும் உண்டு, அவுக கூட நான் வேலைக்கே போறதில்லை.

இப்ப வேர்மண். ஆள் உசரம் நிக்குதுன்னீங்க. வாகைக்கு வேர் ஆழமா இறங்காது, பக்கமாத்தான் ஓடும், அதான் தட்டு மாதிரிப் பேந்து வந்திருக்கு. தண்டோட கனந்தான் அந்தத் தட்டை நிமித்திப் பிடிச்சிருக்கு. தண்டை அறுத்ததும் தட்டு பழைய குழிக்குள்ள "தொம்"முன்னு போய் உக்காரும். எங்க சின்னய்யா கால் அப்படித்தான் போச்சு. குழிக்குள்ள நின்னு மண்ணைத் தள்ளிக்கிட்டு இருந்தாரு, மேல அறுத்தவனுக்கு அவரு நிக்கிறது தெரியலை. பிள்ளைக அந்தக் குழியில போய் விளையாடும், இன்னைக்கே விரட்டிவிடுங்க.

ஈ.பி. ஆளுக கம்பியை விலக்கிக் குடுத்த பெறவு வேலை இப்படி இருக்கும். ரெண்டு முனையும் தாங்கி நிக்கிற மரம் பாலம் மாதிரி, மேல்பக்கம் நெரிபட்டுக் கிடக்கும், அடிப்பக்கம் இழுபட்டுக் கிடக்கும். மேலிருந்தே அறுத்துக்கிட்டுப் போனா வாளைக் கவ்விக்கும். மேல மூணுல ஒரு பங்கு அறுத்துட்டு, மிச்சத்தைக் கீழ இருந்து மேல அறுக்கணும், பக்கவாட்டுல நின்னு. தூர்ல இருந்து நாலஞ்சு அடி விட்டு அறுக்கணும், வேர்த்தட்டு விழுந்தாலும் கட்டை வெளிய நிக்கும். அதுக்கப்புறம் தண்டோட அடியில வடத்தைப் போட்டு, செயின் கப்பியை நல்ல மரத்துல கட்டி, கவட்டையில இருந்து உருவுற திசையில பின்னுக்கு இழுக்கணும். வடம் மரத்து நீளத்துக்கு ரெண்டு மடங்கு. இழுக்கிற நேரத்துல வடத்துக்குப் பக்கத்துல நிக்கக் கூடாது, அறுந்தா அரிவாள் மாதிரி வரும். வண்டிக்கயிறு வேண்டாம்.

இதைப் படிச்சிட்டு நீங்களே அறுக்கக் கிளம்பிறாதீக. வர்ற ஆளு சரியாச் செய்யறாப்லயான்னு பாக்குறதுக்குச் சொன்னேன்.

தேனி பைபாஸ் | ஞாயிறு, காலை 7:15

இம்புட்டுப் பாடு எதுக்கு, ஜே.சி.பி. மணிக்கு இவ்வளவுன்னு வாங்குறான். பக்கெட்டைக் கொடுத்து அப்படியே தூக்கி வெளிய வச்சிரலாமே?

பழைய வயர்மேன் | ஞாயிறு, காலை 7:40

மரம் லைன் மேல கிடக்கும்போதா? கைமரம் மாதிரி நீண்ட இரும்பைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டு போறீங்க. லைன் உயிரோட இருந்தா 3 மீட்டருக்குள்ள எதையுமே நீட்டக் கூடாது. அப்படியே மரத்தைத் தூக்கிட்டாலும் ஒரு பக்கமா இழுபட்டுக் கிடக்கிற கம்பி சட்டுன்னு விடுபட்டா, சிமெண்ட் போஸ்ட் வரிசையா நாலு ஒடியும். கஜா புயலுக்கு, 2018 நவம்பர்ல, எங்களை வேதாரண்யம் பக்கம் அனுப்பினாங்க. காத்துல நின்ன போஸ்ட் சிலது மரத்தை அவசரமா இழுத்தப்ப ஒடிஞ்சதை என் கண்ணால பார்த்தேன்.

ஒருவேளை வண்டி கம்பியைத் தொட்டுட்டா டிரைவர் உள்ளயே உக்காரணும், யாரும் வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடிச்சாத்தான் இறங்கணும், அதுவும் ரெண்டு காலையும் சேத்துக் குதிக்கணும், ஒரு கை வண்டியில ஒரு கால் தரையிலன்னு இறங்கினா முடிஞ்சது.

ஒத்தக்கடை கணக்கு | ஞாயிறு, காலை 8:02

ஒரு சந்தேகம். வாய்க்கா ஓரம்னு சொல்றீங்க, மரம் பட்டாவுல இருக்கா புறம்போக்குல இருக்கா? புறம்போக்குன்னா வி.ஏ.ஓ. கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. பெறகு கட்டையை வித்தாங்கன்னு எவனாவது மனு குடுப்பான்.

பொட்டல்காடு | ஞாயிறு, மாலை 6:30

எல்லாருக்கும் கும்பிடு. நடந்ததைச் சொல்றேன்.

ராத்திரியே மின்னகத்துல பதிஞ்சேன். பதினொண்ணரைக்குப் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூட்டிக்கிட்டு டார்ச்சோட போய், வண்டிப்பாதையில ரெண்டு பக்கமும் கயிறு கட்டி மேல சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டோம். வயர்மேன் ஐயா சொன்னது மனசுல உறுத்துச்சு. அந்த லைன்ல மொத்தம் அஞ்சு மோட்டார். அஞ்சு வீட்டுக்கும் போனைப் போட்டு ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணி மெயினையும் இறக்கச் சொன்னேன். நாலு பேரு சரின்னாங்க. ஒருத்தரு, "நீ யாருடா எனக்குச் சொல்ல"ன்னு வச்சிட்டாரு.

ரெண்டேகால் மணிக்கு ஊர்ல கரண்ட் வந்துச்சு. ஒரு நிமிசம் இருக்கும். தோட்டத்துப் பக்கம் நீலமா ஒரு வெட்டு, பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், திரும்பப் போயிருச்சு. வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்த பெரியப்பா பையன் ஒண்ணும் பேசலை, உள்ள போய்ப் படுத்துட்டான்.

காலையில பத்து மணிக்கு நாலு பேரு வந்தாங்க. ஏபி சுவிட்ச், பூட்டு, எர்த் ராடு, ஐயா சொன்ன வரிசை அப்படியே. வரப்புல கம்பி கிடந்த இடத்துல புல்லு ஒரு முழ நீளத்துக்குக் கருகி, மண்ணு கண்ணாடி மாதிரி உருகி ஒட்டியிருந்துச்சு. ரெண்டு பக்கத்துக் கம்பத்துலயும் கம்பியைக் கட்டவிழ்த்துத் தளர்த்திட்டுத்தான் கொப்பை நறுக்கினாங்க. அவ்வளவு தளர்த்தியும் கம்பி ரெண்டு ஆள் உசரத்துக்கு எம்பி ஆடுச்சு.

மரம் அறுக்க உசிலம்பட்டியில இருந்து ஆள் வந்தாரு. வாள்பட்டறை அண்ணன் சொன்ன மாதிரியே கேட்டுப் பார்த்தேன், "கவட்டையை அறுப்பீங்களா?" என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, "நான் பிள்ளை குட்டிக்காரன் தம்பி"ன்னாரு. சரி, ஆள் சரியான ஆளுன்னு விட்டுட்டேன். தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு போய் உக்காந்துச்சு பாருங்க, நான் நின்ன இடத்துல கால்ல அதிர்வு தெரிஞ்சுச்சு. குழிக்குள்ள எங்க தண்ணி பைப் ஓடுது. உடைஞ்சிருக்கான்னு இறங்கிப் பாக்குறேன்னு காலையில இருந்து குதிச்சுக்கிட்டு இருந்தவன் பெரியப்பா பையன்தான். நாலு இஞ்சு பிளாஸ்டிக் பைப் இப்ப அப்பளம்.

வாள்பட்டறை | ஞாயிறு, மாலை 6:44

புளியமரத்துக் கவட்டை கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. விரிசல் இருந்தா அந்தக் கொம்பை இறக்கிருங்க, அடுத்த காத்துக்கு அது உங்களைத் தேடி வரும்.

சோழவந்தான் வெத்தலை | ஞாயிறு, மாலை 7:05

அந்த ரெண்டேகால் மணி விசயத்தைப் படிச்சதுல இருந்து ஒரு மாதிரியா இருக்கு. எங்க வெத்தலைக் கொடிக்கால் ஓரம் ஒரு தென்னை லைன் பக்கம் சாஞ்சே ஒரு வருசமா நிக்குது. நாளைக்கு ஆபீசுல போய் எழுதிக் குடுக்குறேன்.

பழைய வயர்மேன் | ஞாயிறு, இரவு 8:10

பொட்டல்காடு, ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அந்த கம்பியைத் திரும்பக் கட்டும்போது பேஸ் இடம் மாறியிருக்கலாம். மோட்டார் போட்டதும் தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க. மாறியிருந்தா மோட்டார் தலைகீழாச் சுத்தும், சத்தம் சரியாத்தான் இருக்கும், தண்ணி வராது. "போர் வத்திப்போச்சு"ன்னு மோட்டாரைத் தூக்க ஆளைக் கூட்டிறாதீங்க.

பொட்டல்காடு | திங்கள், காலை 9:20

ஐயா, நூத்துக்கு நூறு. பைப்பை ஒட்டவச்சுக் காலையில ஆறு மணிக்குப் போட்டேன், சுண்டுவிரல் கனத்துக்குத்தான் தண்ணி வந்துச்சு. எலக்ட்ரீசியன் வந்து மெயினை இறக்கிட்டு ஸ்டார்ட்டர்ல ரெண்டு வயரை இடம் மாத்திப் போட்டாரு. இப்ப மல்லிகைக்கு மூணாவது பாத்தி ஓடிக்கிட்டு இருக்கு. வாகைக் கட்டை பாதி எனக்கா பெரியப்பாவுக்கான்னு பஞ்சாயத்து சாயங்காலம்.